கிணற்றுக்குள் போன தம்பி

சமையலறைக் குழாயை அடியோடு கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிளம்பர் கேட்டார்.

"சார், அந்தத் தம்பி கிணத்துக்குள்ள இறங்கினானே, அப்புறம் என்ன ஆனான்?"

கதாசிரியருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. குழாய் இருந்த ஓட்டையில் ஒரு பழைய துணியைத் திணித்திருந்தார். அதையும் மீறித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் எந்தத் தம்பி, எந்தக் கிணறு?

"நம்ம 'ஒற்றைச் செருப்பு சாமுராய்'ல சார். சாமுராயோட தம்பி இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு உள்ள இறங்கினான். அடுத்த வாரமே நீங்க வேற ஊருக்குக் கதையக் கொண்டுபோயிட்டீங்க. வருஷம் ஒன்பதாச்சு. கயிறு இன்னும் தொங்கிக்கிட்டே இருக்கு."

கதாசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாரம் தவறாமல் வியாழக்கிழமை வெளிவரும் அந்தச் சித்திரக்கதையை எழுதுவதும் அவர்தான், வரைவதும் அவர்தான். நிஜத்தில் ஒரு வாளைக் கிட்டத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. வெங்காயம் நறுக்கப்போய் விரலை நறுக்கிக்கொண்டவர். ஆனாலும் முதல் இதழில் ஆற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, அது கிடைக்கும்வரை வேறு செருப்பு போடுவதில்லை என்று சபதம் செய்த அவருடைய சாமுராய், இருபத்திரண்டு வருஷமாக நொண்டி நொண்டியே ஊரை ஜெயித்துக்கொண்டிருந்தான்.

கதாசிரியரிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. ஒரு கதையைத் தொடங்குவதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. முடிப்பதென்றால் உடம்புக்கு முடியாமல் போய்விடும். போகிற வழியெல்லாம் புதுப்புது ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவார், அவர்களை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தொடரும்' என்பதுதான்.

அவர் ஒரு விதியும் வைத்திருந்தார். வரப்போகும் கதையை வீட்டில் சொல்லக் கூடாது, சொன்னால் எழுத வராது. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாக, "அந்தச் செருப்பு கடைசியில கிடைச்சிடுமா?" என்று கேட்டாள். "வியாழக்கிழமை புத்தகத்துல பாத்துக்கோ" என்று மிடுக்காகச் சொல்லிவிட்டார். அதோடு சரி. அதற்கப்புறம் அவள் கேட்டதே இல்லை. பேச்சு வந்தால், "எனக்கெதுக்கு உங்க வெட்டும் குத்தும்" என்று எழுந்து போய்விடுவாள். ஊரே படிக்கிற கதையைக் கட்டின மனைவி படிக்கவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. இதை வெளியில் யாரிடம் சொல்லிக்கொள்ள முடியும்?

"சொல்லுங்க சார், தம்பி என்ன ஆனான்?"

அவருக்கே தெரியாது. ஆனால் கேட்கிறவர் கையில் குழாய் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். "மாப்பிள்ளை இதுவரைக்கும் எதைத்தான் முடிச்சிருக்காரு?" என்று சபையில் கேட்கிற மனிதர் அவர். வந்ததும் வராததுமாகக் குழாயைத் திறந்து காற்று வந்தால், இன்னும் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக்காட்டுவார். அந்த மனிதரிடம் இந்த முறையாவது தலைகுனியக் கூடாது என்பதுதான் கதாசிரியரின் ஒரே கவலை.

வீட்டில் சொல்லக் கூடாது என்பதுதானே விதி, பிளம்பர் வீட்டு ஆள் இல்லையே. குரலைத் தாழ்த்தி, "செத்துட்டான்" என்றார்.

பிளம்பர் தலையை ஆட்டிக்கொண்டே, ஸ்பேனர் எடுப்பதற்காகப் பின்வாசல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"மனசே சரியில்ல சார். நாளைக்கு வர்றேன்."

"குழாய மாட்டிட்டுப் போங்க."

"இந்த மனநிலையில மாட்டினா ஒழுகும் சார்."

அவர் போன கையோடு மனைவி உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, கண்ணுல என்ன?"

"தூசி. அந்த மனுஷன்கிட்ட என்ன சொன்னீங்க? இப்படி அப்படியே போட்டுட்டுப் போறாரு?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அவர் மென்று விழுங்கினார்.

ராத்திரி முழுக்கச் சொட்டிய தண்ணீர் சுவரோரமாக இறங்கி, பிளக் பாயின்டுக்குள் புகுந்துவிட்டது. மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒயர்களையெல்லாம் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். பிறகு டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

"தம்பி செத்துட்டான்னு பிளம்பர் சொன்னாரு. அப்போ கோபுரத்து உச்சியில தினம் விளக்கு ஏத்துறது யாரு சார்?"

கதாசிரியர் திருதிருவென்று விழித்தார். எந்தக் காலத்திலோ ஒரு சித்திரக் கட்டத்தில் வானம் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு கோபுரமும் விளக்கும் வரைந்தார். பார்க்க அழகாக இருந்ததால் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

"முகமூடித் தளபதிதான் ஏத்துறாரு" என்றார்.

"அவரு வடக்க சண்டைக்குப் போயிட்டாரே. விளக்கு தெக்கதானே எரியுது?"

"ஆள் வச்சிருக்காரு."

எலெக்ட்ரீஷியன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். வரும்போது முன்னைவிடப் பெரிய கேள்வியோடு வந்தார்.

"சரி சார். அந்தத் தளபதி ஒருநாள் அரசவையில முகமூடியக் கழட்டினாரு. அங்க இருந்தவங்க எல்லாம் அவரு முகத்தப் பாத்து அலறினாங்க. நாங்க மட்டும் முதுகப் பாத்தோம். யாரு சார் அவரு?"

முகம் யாருடையது என்று முடிவு செய்யாததால்தான் அன்றைக்கு முதுகை வரைந்தார். அதைச் சொன்னால் மரியாதை என்னாவது? வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அதுதாம்ப்பா தம்பி."

"செத்துட்டான்னீங்களே."

"அது பிளம்பர்கிட்ட சொன்னது."

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைப் பைக்குள் போட்டார். "பிளம்பருக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதையா? நல்லா இருக்கு சார் நியாயம்."

அவர் போனபிறகு சமையலறையில் தண்ணீரும் இல்லை, கரன்ட்டும் இல்லை. அடுப்பு கூடத்துக்கு வந்துவிட்டது. மனைவி கூடத்து அடுப்பில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். இவ்வளவு ரகளையிலும் இவளுக்கு ஒரு சுடுசொல் வரவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் மட்டும் என்ன, கையைப் பிசைந்துகொண்டிருந்தாலும் உள்ளுக்குள் குதூகலம்தான். ஸ்பேனர் பிடிக்கிற கையும் டெஸ்டர் பிடிக்கிற கையும் தன் புத்தகத்தைப் பிடித்திருக்கின்றன. அன்று பூராவும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

புது ஒயர் இழுக்க வேண்டுமானால் சுவர் அலமாரியைக் கழற்ற வேண்டும். அடுத்த நாள் தச்சர் வந்தார். கதவுகளைக் கழற்றிக் கூடத்தில் வரிசையாகச் சாத்திவைத்தார். பென்சிலைக் கையில் எடுத்தார், ஆனால் அளவு எதுவும் எடுக்கவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும் சார். பாலத்து மேல ஒரு பொண்ணு குடையோட நிக்குதே."

"ஆமா, நிக்குது."

"கொட்டுற மழையில, 'இதோ வந்திடறேன்'னு சொல்லிட்டுத்தான் சாமுராய் போனாரு. இன்னைக்கு வரைக்கும் வரல. குடை மக்கிப்போயிருக்கும் சார். ஒரு பொண்ண இத்தனை வருஷம் நிக்க வைக்கறது பாவமில்லையா?"

கதாசிரியருக்கு எரிச்சல் வந்துவிட்டது. வீடு தலைகீழாகக் கிடக்கிறது, இவருக்குக் குடையைப் பற்றிக் கவலை.

"அவ நின்னு பாத்தா, பாத்தா, கடைசியில ஒரு குடை வியாபாரியக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. போதுமா?"

பின்வாசலுக்குப் போன தச்சர் அப்படியே போய்விட்டார். அன்று சாயங்காலம் டீ ஆறிப்போய் வந்தது. டம்ளரை வைத்த வேகத்தில் பாதி மேஜையில் கொட்டியது. அதுவரை பாட்டு பாடிக்கொண்டிருந்தவள் ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. சமையலறை போனதன் கோபம் இப்போதுதான் ஏறுகிறது போலிருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஆளுக்கொரு கருவிப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

"தம்பி உயிரோட இருக்கானா இல்லையா, ஒரே பதிலாச் சொல்லுங்க" என்றார் பிளம்பர்.

"அந்தக் குடை வியாபாரி எங்கருந்து வந்தான்?" என்றார் தச்சர். "நேத்து வரைக்கும் கதையில அப்படி ஒருத்தன் கிடையாதே."

"நாளைக்கு என் மச்சான் வர்றாருப்பா" என்று கதாசிரியர் கெஞ்சினார்.

"அதுக்குள்ள முடிச்சிடுங்க சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். "நீங்க முடிச்சா நாங்களும் முடிச்சிடுவோம்."

வேறு வழி தெரியாமல் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து புலம்பினார்.

"நான் இத்தனை வருஷமா கெஞ்சியும் நடக்காதத ஒரு பிளம்பர் நடத்திக் காட்டுறாரா?" என்றார் ஆசிரியர். "அவர நம்ம ஆபீசுக்கு வரச் சொல்லுய்யா. வேல போட்டுத் தர்றேன். நீ மொதல்ல முடி."

கதாசிரியர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கழற்றிய அலமாரிக் கதவு ஒன்றை மடியில் பலகையாக வைத்துக்கொண்டார். முதல் கோடு விழுவதற்குள் வியர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷம் அவர் டிமிக்கி கொடுத்த ஆட்களெல்லாம் தாளின் ஓரத்தில் வந்து நின்று அவரையே பார்ப்பது போலிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, பாசமாகவும் இருந்தது.

ஆனால் கை ஓட ஆரம்பித்ததும் நிற்கவில்லை. கிணற்றுக்கு அடியில் ஒரு சுரங்கம். அது போய்ச் சேருகிற இடம் கோபுரம். மேலே ஏறிய தம்பி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அண்ணனுக்குக் காட்டத்தான் தினமும் விளக்கு ஏற்றினான். அண்ணன் ஊர் ஊராகச் சுற்றினானே தவிர, ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. மனம் வெறுத்துப்போன தம்பி முகமூடி மாட்டிக்கொண்டான். விளக்கேற்ற மட்டும் ஓர் ஆளை வைத்துவிட்டு, வடக்கே தளபதியாகிவிட்டான்.

"அட, ஆள் வச்சிருக்காருன்னு அன்னைக்கே சொன்னீங்களே" என்றார் எலெக்ட்ரீஷியன்.

ஒரு பக்கம் முடிந்ததும் மனைவி வந்து வாங்கிக்கொண்டாள். "இங்க ஈரமா இருக்கு, கூடத்து ஃபேன்ல காயட்டும்" என்றாள். கிணறு வரைந்த பக்கம் கூடத்துக்குப் போனதும் சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்தது. முகமூடி கழன்றதும் சமையலறையில் விளக்கு எரிந்தது. தச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிப் பக்கம் பாலம். அதே மழை. சாமுராய் நொண்டிக்கொண்டே ஏறி வருகிறான். அவள் ஒரு கையில் குடை. பாலத்துச் சுவருக்குப் பின்னால் மறைந்திருந்த இன்னொரு கையில், என்றைக்கோ ஆற்றில் மிதந்து வந்த செருப்பு.

"கொஞ்சம் நேரமாயிடுச்சு" என்கிறான் அவன்.

"செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க" என்கிறாள் அவள்.

கீழே 'முற்றும்' என்று எழுதினார். எழுதிப் பழக்கமில்லாததால் எழுத்து கோணிக்கொண்டது. கண் நிறைந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தச்சர் அலமாரிக் கதவுகளை மாட்டத் தொடங்கினார். கூடத்திலும் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பாவம், தூசி அவளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று கதாசிரியர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் மைத்துனர் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குத்தான் போனார். குழாயைத் திறந்தார், தண்ணீர் பாய்ந்தது. சுவிட்சைப் போட்டார், எரிந்தது. அலமாரிக் கதவை இழுத்துப் பார்த்தார், முனகாமல் திறந்தது. குறை கண்டுபிடிக்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

"பரவாயில்லையே மாப்ள. எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களே."

இணைப்பில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வந்த பிளம்பர் அங்கேயே நின்றிருந்தார். கதாசிரியருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படியொரு சந்தர்ப்பம் இனி வாய்க்குமா?

"நானா முடிக்கல மச்சான். என் வாசகர்கள் முடிக்க வச்சாங்க. கிணத்துல ஆரம்பிச்சு பாலம் வரைக்கும் ஒண்ணையும் மறக்காத ரசிகர்கள். வீட்டுல இருக்கறவங்கதான் படிக்க மாட்டாங்க. நீங்களே இவரக் கேளுங்க" என்று பிளம்பரின் தோளில் கைபோட்டார். "சொல்லுங்க, எத்தனை வருஷமா படிக்கிறீங்க?"

பிளம்பர் தலையைச் சொறிந்தார். அடுப்படியில் நின்ற வீட்டம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் அவசர அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். அவருக்குப் பொய் வரவில்லை.

"மன்னிச்சிடுங்க சார், நாங்க மூணு பேரும் அந்தப் புத்தகத்தக் கையால தொட்டதுகூட இல்ல. பின்வாசல்ல நிக்க வச்சு ஒவ்வொரு கேள்வியா சொல்லிக் குடுத்து, பதில் வர்ற வரைக்கும் குழாய மாட்டவே கூடாதுன்னது உங்க வீட்டம்மாதான்."