ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்ட பூட்டு

அன்று ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி நீலா, அவள் அண்ணன் தேசப்பன், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மஜீது, மிஷினை வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு வியாகுலம்மாள். ஆக ஐந்து பேர். இரண்டாயிரத்து நான்கு, ஆனி மாதம், சனிக்கிழமை.

ஐம்பத்தாறு வயதில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் புழலுக்குப் போவதில்லை.

தேசப்பன் மச்சான் புழலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணுவது வேலை. ஆறு நாள் பெட்டி எண்ணியவனை ஏழாம் நாள் செங்கல் எண்ண அழைத்துப் போவார். என் மாப்பிள்ளை எண்ணினால் ஒன்றுகூடத் தப்பாது என்று மேஸ்திரியிடம் பெருமை வேறு. பதினான்கு ஞாயிறு இப்படிப் போயிற்று. முடியாது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சம்.

அப்போதுதான் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்தது. ஞாயிறன்று கப்பல் வந்தால், கணக்கை வீட்டிலிருந்தே கல்மண்டபம் ஆபீஸ் மிஷினில் ஏற்றலாம். அதற்காக ஒரு பழைய ஒர்க் ஸ்டேஷனை மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வராத கப்பலை வந்ததாகச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

மஜீது சிடியைப் போட்டு, டெலிபோன் ஒயரைச் செருகினார். மிஷின் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது. அந்தப் பக்கத்து மிஷினை இதற்குமுன் பார்த்ததில்லை, நம்பலாமா என்று திரை கேட்கிறதாம். நம்பலாம் என்று அழுத்தினேன். பெண் பார்க்கப் போன அன்றும் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொன்னேன்.

அடுத்தது கடவுச்சொல். இங்கிருந்து போகும் கணக்கு பூட்டுப் போட்டுத்தான் போகும், வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது, திறக்கும் சொல் உங்கள் ஒருவருக்குத்தான் தெரிய வேண்டும் என்றார் மஜீது. முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் நீலாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குக் கிடைக்கப்போகிறது. சொல்லும் தயாராக இருந்தது.

எல்லோரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒற்றை விரலால் ஆரம்பித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை.

"அப்படித்தான் நைனா. நீங்க அடிக்கிறது தெரியாது. அதான் பத்திரம்" என்றார் மஜீது.

எத்தனை விழுந்தது என்று தெரியாமல் நான் எப்படி வேலை செய்வது? பளு தூக்கும் வின்ச் இரைச்சலுக்கு மேலே, கப்பலின் அடித்தளத்தில் நிற்பவனுக்கும் கேட்கும்படி எண்ணிக்கையைக் கூவியே முப்பது வருஷம் ஓட்டியவன். கண்ணில் படாததை வாயால் சொன்னால்தான் எனக்குக் கணக்கில் ஏறும். தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"பி ஒண்ணு. யூ ரெண்டு. இசட் மூணு. எச் நாலு..."

"எம் பன்னிரண்டு" என்று முடித்தேன். சரிபார்க்க மறுபடியும் அடிக்கச் சொன்னது. மறுபடியும் பன்னிரண்டு. திருப்தியோடு திரும்பினேன்.

வியாகுலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மஜீது ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். நான் கூவிய எழுத்துகளை மடிமேல் அடித்துக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

"புழல் வேண்டாம்" என்றாள்.

"எங்க ஊரா? அது இன்னா பண்ணிச்சி மாப்ள?" என்றார் தேசப்பன் மச்சான். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சும்மா ஒரு பேரு வெச்சேன் மச்சான்."

"யாரும் கண்டுபுடிக்கல. நீயேதான் கூவிக்கினு இருந்தே" என்றாள் நீலா.

வெளியே தெரிந்துவிட்டால் சொல்லை மாற்றிவிட வேண்டும் என்றார் மஜீது. எப்படி மாற்றுவது என்றும் காட்டினார். அண்ணனுக்குக் காபி போட்டுக்கொண்டு வரும்படி நீலா என்னை உள்ளே அனுப்பினாள். ஐந்து டம்ளரோடு நான் திரும்பியபோது நாற்காலியில் அவள் இருந்தாள். வேலை முடிந்திருந்தது.

"மாத்திட்டியா? இன்னா வெச்சிருக்கே?"

"இவங்க மூணு பேர்கிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். நான் மறந்தா கேட்டுக்கலாம்ல."

"எனுக்கு?"

"உனுக்குச் சொன்னா நீ கூவுவே. கப்பல் வந்தா நானே பாத்துச் சொல்றேன்."

மறுநாள் கப்பல் வரவில்லை. நீலாதான் பார்த்துச் சொன்னாள். புழலில் இரண்டு லோடு செங்கல் இறங்கியிருந்தது.

நான் ரிட்டயர் ஆகும்வரை இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. கப்பல் வந்த ஞாயிறுகளில் சாயங்காலம் மிஷின் கீச்சிடும். அந்தப் பக்கம் திரும்பு என்பாள். நான் சுவரைப் பார்த்து நிற்பேன். முதுகுக்குப் பின்னால் அவளுடைய பத்து விரலும் ஓடும். பிறகு நான் பகலில் துறைமுகத்தில் எண்ணிவந்த எண்களைக் கூவுவேன், அவள் ஏற்றுவாள். ஒரு பெட்டிகூடத் தப்பியதில்லை. அவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதற்குமுன் கிடையாது.

தேசப்பன் மச்சான் அந்த வீட்டில் எட்டு வருஷம் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மிஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. இப்போதும் காபி கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டுப் பார்ப்பேன். நீலா சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொள்வாள்.

அன்று இருந்த ஐந்து பேரில் அந்தச் சொல் தெரியாதவர் மீதி: ஒருவர்.