அளவெடுத்துச் செய்த பற்கவசத்தைத் திருப்பி அனுப்புகிறேன்

மைத்துனி லோயிஸுக்கு,

அத்தான் வெர்லின் எழுதிக்கொள்வது. இந்தியானாவில் நான், உன் அக்கா ஜோவான், மகள் டெஸ் மூவரும் பற்களோடு நலம். நீயும் உன் பல் மருத்துவமனையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ செய்துகொடுத்த பற்கவசத்தை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி.

டெஸ்ஸுக்குச் செய்தாய், சரி. கூடைப்பந்து ஆடுகிற பெண், போன வருடம் எவளோ முழங்கையால் இடித்து முன்பல்லில் ஒரு மூலை போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்கிற எனக்கு எதற்கு? நான் நடுவரைத் திட்டுகிறேனாம், இதை வாயில் மாட்டினால் பேச்சு வராதாம். அவருக்குத் தெரியாத விதிகளைச் சற்று உரக்க நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான். அதற்கு இரண்டு முறை வெளியே அனுப்பினார்கள். இன்னொரு தடவை வாயைத் திறந்தால் சீசன் முடியும்வரை அரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று பள்ளி முதல்வர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையோ, ஆட்டம் முடிந்ததும் கடைசி வருடப் பிள்ளைகளைப் பெற்றோர் கைபிடித்துக் களத்தின் நடுவே அழைத்துப் போகிற நாள். அதை விட முடியுமா? "சும்மா பல்லைக் காட்டிட்டு வரலாம் வாங்க" என்று உன் அக்கா கூட்டி வந்தாள், நீயும் ஏதோ பிசுபிசுத்த மாவைக் கடிக்கவைத்து அளவெடுத்துவிட்டாய். டெஸ்ஸுக்காக மாட்டிக்கொண்டேன்.

நாலு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி முடியப்போகும்வரை வாயே திறக்கவில்லை. அப்போது டெஸ் கூடைக்கு அடியில் அசையாமல் நிற்கிறாள், எதிரணிப் பெண் தானாக வந்து மோதி விழுகிறாள், நடுவர் புரூபேக்கர் டெஸ்மேல் தவறு என்று விசில் ஊதுகிறார். நான் எழுந்து மூன்று வாக்கியம் சொன்னேன். வெளியே வந்தது "ம்வ்வாஃப்". முகமும் சிவந்திருக்கும்போல. "ஐயோ, பாப்கார்ன் தொண்டையில சிக்கிடுச்சு!" என்று புரூபேக்கர் நாலு படி தாவி வந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் ஒரு குத்து விட்டார். உயிரே போனாலும் கழலாது என்று நீ சொன்ன கவசம் பறந்துபோய்க் களத்து நடுவட்டத்தில் விழுந்தது. ஊரே கைதட்டுகிறது.

"வெர்லின், மூச்சு வருதா? பேசுங்க! ஏதாவது பேசுங்க!" என்று அந்த மனுஷன் கெஞ்சுகிறார். சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. முதல்வர் பார்த்துக்கொண்டிருந்தார், உன் அக்கா சட்டையை இழுத்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றேன்.

"அடேயப்பா, இதுக்காகவே உங்கள தினம் காப்பாத்தலாமே!" என்று சிரித்தார்.

டெஸ் கவசத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். "கழுவிட்டு மாட்டுங்கப்பா. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

மாட்டினேன். தோற்றோம். அவள் கையைப் பிடித்து நடந்தேன், அழுதேன், அதையும் ஒழுங்காக அழவிடவில்லை உன் கவசம். ஆகவே இனி இது எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

உன் கை நடுங்காதிருக்கவும், யாரும் உன் விரலைக் கடிக்காதிருக்கவும் வாழ்த்தும்,

அத்தான் வெர்லின்

பி.கு.: உறைக்குள் தேடாதே, கவசம் அதில் இல்லை. வீடு திரும்பும்போது டெஸ் சொன்னாள்: "அப்பா, நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் பந்து தரையில தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு." இன்று வெளியூரில் ஆட்டம். மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடுத்ததைக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்.