லாரி ஒழுகிய இடத்தைக் கண்டுபிடித்த விவரம்

அக்கா பெற்ற செல்வமும் என் லாரிக்கு முதலாளியுமான மருமகப்பிள்ளைக்கு, தாய்மாமன் முழு ஆரோக்கியத்துடனும் முழங்கை வரை கிரீஸுடனும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். வண்டி எங்களைவிட சௌக்கியம். அங்கே நீயும் உன் கோபமும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசைப்படுகிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மாமா, ஞாயித்துக்கிழமை வரேன். வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஆயில் கெடந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். ஒழுகுற வண்டிய எவன் வாங்குவான்?" என்றாய். லாரி உன் பேரில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோவை ஏற்றி இறக்கி நான் பிழைப்பதும், காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப எனக்கென்று ஒரு காரணம் இருப்பதும் அந்த லாரியால்தான். அது போனால் மிச்ச ஆயுளுக்கும் உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியவன் நான். ஆகவே போனை வைத்த கையோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன்.

முதலில் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள், எதைக் காட்டினாலும் ஆபரேஷன் என்பதால். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "பின்னாடி ஆயில் சீல் போச்சு. கியர்பாக்ஸ எறக்கணும். வண்டி ரெண்டு மாசம் என்கிட்டதான்" என்றார். "டாக்டரே, ஞாயித்துக்கிழமை என் மருமகன் வரான். வண்டியோட என்னையும் சேத்து எடைக்குப் போட்டுருவான்" என்றேன். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "நல்ல வெலைக்குப் போவீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

சரி, நம்மால் ஆகாததா என்று, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சேம்பரின் போல்ட்டுகளை எல்லாம் நானே முறுக்கினேன். என் கைபலம் உனக்குத் தெரியாததல்ல, ஓடுகிற பஸ்ஸை ஒற்றைக் கை நீட்டி நிறுத்தியவன். முறுக்கிய முறுக்கில் நடுவில் ஆயில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் நசுங்கி நாக்கை நீட்டிவிட்டது, அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது நூல் பிடித்து இறங்க ஆரம்பித்தது. உன் அத்தை ஒரு பேசினைக் கொண்டுவந்து வைத்து, "இன்னொரு சுத்து முறுக்குங்க, குழாய் வச்சு தெருவுக்கே சப்ளை பண்ணலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. (டாக்டரும் போகிற போக்கில் ஏதோ சொன்னார், ஆனால் உதித்தது எனக்குத்தான்.) எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, காயவிட்டு, உன் அத்தையின் முகப்பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவினேன். "நான் ஒரு சிட்டிகை போட்டா 'யாரு பாக்கப் போறா'ம்பீங்க. லாரிக்கு முழு டப்பாவா?" என்று அவள் கத்த, அந்த இரும்பு மலை வெள்ளை வெளேரென்று மணத்துக்கொண்டு நிற்க, ஸ்டார்ட் செய்துவிட்டு டார்ச்சும் கையுமாக இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருமகனே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். நான் நசுக்கிவிட்ட கேஸ்கெட்டைத் தவிர அடியில் ஒன்றுமே இல்லை! எஞ்சினின் தலையில், டேப்பெட் கவர் என்கிற மூடியின் பின்மூலையில், பவுடரில் எறும்பு அளவுக்கு ஒரு கறுப்பு. அது நீண்டது. ஃபேன் காற்று தள்ளத் தள்ள, முதுகுப் பக்கமாக, யாருக்கும் தெரியாமல் இறங்கி, கியர்பாக்ஸ் ஓரத்தில் கொஞ்சம் நின்று, சேம்பர் விளிம்புக்கு வந்து, ஒரு சொட்டாகத் திரண்டு விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கண்ணில் கிளம்புகிற நீர் தாடையில்தான் சொட்டுகிறது, அதற்காகத் தாடை ஓட்டை என்று சொல்வோமா? நாங்கள் எல்லோரும் இத்தனை நாளும் தாடையைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தோம். சத்தமாகவே இருக்கிற உன் அத்தைகூட, "எங்கேருந்து எங்க வந்துருக்கு பாருங்க" என்று மெல்லச் சொன்னாள்.

வண்டியை அணைத்து, ஆறவிட்டு, அந்தக் கவரைத் திறந்தேன். கேஸ்கெட் காய்ந்த ரொட்டி மாதிரி உடைந்து கையில் வந்தது. ஆனால் உள்ளே! வெளியே துருவும் சேறுமாக நிற்கிற கிழட்டு வண்டிக்குள்ளே, பளபளவென்று, அப்போதுதான் கடைந்து வைத்ததுபோல, தேன் நிறத்தில் ஆயில் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன, வால்வுகளைத் தட்டித் திறக்கிற அந்த ராக்கர் கைகள். நான் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், ஒரு நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை, இருட்டுக்குள் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே தொட்டேன். பெரிய விஞ்ஞானிகள்கூட இப்படி ஒரு காட்சியைக் கண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

புது கேஸ்கெட் வைத்தேன், சேம்பருக்கும் ஒன்று. இந்த முறை உன் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும், பஸ்ஸ நிறுத்த வேணாம்" என்று சொல்லச் சொல்ல இதமாக முறுக்கினேன். புது ஆயில் ஊற்றி, ஊரைச் சுற்றி வந்து, அடியில் செய்தித்தாள் விரித்து நிறுத்தினேன். காலையில் அந்தத் தாளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், மருமகனே. ஓர் எழுத்துகூட நனையவில்லை. டீக்கடையில் போய் விரித்துக் காட்டினேன், எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையே போட்டுக்கொண்டு வா, வண்டிக்கு அடியில் படுத்துப் பார். நீயும் உன் பிள்ளைகுட்டிகளும் எந்தக் குறையும் கசியாமல் நிறைந்து வாழ வேண்டும். அக்காவிடம் தம்பி ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் ஒருவர் வந்திருக்கிறார், செங்கல் வியாபாரியாம். டீக்கடையில் தாளைப் பார்த்தாராம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்க்கிறார். "ஒழுகாத லாரிதான் தேடிட்டிருந்தேன், ஓனர் நம்பர் குடுங்க" என்கிறார். நான் இருமிக்கொண்டிருக்கும்போதே உன் அத்தை கொடுத்துவிட்டாள். இதுவரை எவனும் கேட்டு வராததற்கு அந்த ஒழுகல்தான் காவலாக இருந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. அவர் போன் செய்தால் நம்பாதே. மேலே நான் எழுதியது அத்தனையும் பொய். ஒழுகுகிறது. பயங்கரமாக ஒழுகுகிறது. அதற்காக இரும்புக்குப் போட்டுவிடாதே, அவ்வளவு ஒழுகவில்லை. விற்கிற அளவுக்கு நன்றாகவும் இல்லை, உடைக்கிற அளவுக்கு மோசமும் இல்லை. எனக்கு மட்டும் சரியாக இருக்கிறது.