லோரனின் மூக்கும் டீசல் கந்தகமும்

"போச்சு! நேத்தைவிட இன்னிக்கு மோசம்!" என்று லோரன் ஹேவர்காம்ப் தலையில் கை வைத்தார்.

இண்டியானாவின் அந்த எஞ்சின் சோதனைக்கூடத்தில், டீசல் புகையின் நச்சை முறிக்கும் வினையூக்கி ஒன்றைப் பிள்ளை மாதிரி வளர்த்து வந்தார். டீசலில் உள்ள துளிக் கந்தகம் அதில் படிந்து வேலையைக் கெடுக்கும். நன்றாகச் சூடாக்கினால் அழுகின முட்டை நாற்றத்தோடு கிளம்பிவிடும். ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் வினையூக்கிக்கு வயசு கூடும். வெள்ளிக்கிழமை சோதனையில் தேறாவிட்டால் திட்டத்துக்கே மூடுவிழா.

கந்தகம் அளக்கும் கருவியோ பழுதுக்குப் போயிருந்தது.

"கருவி எதுக்கு? என் மூக்கு இருக்கு. நாத்தம் நிக்கிற வரைக்கும் சூடு பண்ணு, டெல்பர்ட்!"

உதவியாளர் டெல்பர்ட் சூட்டை ஏற்றினார். அழுகின முட்டை நாற்றம் கூடத்தையே நிரப்பியது. லோரனுக்கு ஒரே குஷி. ஆனால் வினையூக்கியின் திறன் இன்னும் இறங்கியது.

"அப்போ உள்ள இன்னும் கந்தகம் இருக்கு. சூட்டை ஏத்து!"

அலுவலக வேலைகளைப் பார்க்கும் மார்லிஸ் அம்மாள் எட்டிப் பார்த்தார். "கண்ணுங்களா, என் நீலப் பாத்திரத்தப் பாத்தீங்களா?"

"அட போங்க மார்லிஸ்! இங்க உசுரு போகுது, உங்களுக்குப் பாத்திரமா?"

மறுநாள் இன்னும் சூடு, இன்னும் நாற்றம். திறன் பாதாளத்துக்குப் போனது.

"லோரன், எஞ்சினை நிறுத்தி அரை நாளாச்சு. இப்பவும் நாறுதே, எப்படி?" என்று டெல்பர்ட் கேட்டார்.

லோரனின் கண்கள் விரிந்தன. "அதான்யா அதிசயம்! ஆறின பிறகும் கந்தகம் விடுற வினையூக்கிய யாராவது பாத்திருக்காங்களா? இது புதுக் கண்டுபிடிப்பு! ஏத்து, இன்னும் ஏத்து!"

வியாழனன்று கருவி திரும்பி வந்தது. டெல்பர்ட் அளந்து பார்த்துவிட்டு முழித்தார்.

"கந்தகம் ஒரு பொட்டுகூட இல்ல. முதல் நாளே போயிருக்கும்போல. அதுக்கப்புறம் நாம போட்ட சூட்டுல வினையூக்கிதான் வெந்து கெழமாயிடுச்சு."

லோரன் கருவியைப் பிடுங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். ஒரு வருஷ உழைப்பு! "அப்போ இந்த நாத்தம்? என் மூக்கு பொய் சொல்லுமா?"

அதற்குள் மார்லிஸ் மறுபடி வந்து, புகைக்குழாயை ஒட்டியிருந்த அலமாரியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அட, என் நீலப் பாத்திரத்த இங்கதான் ஒளிச்சு வச்சேனா! போன வார விருந்துக்கு அவிச்ச ரெண்டு டஜன் முட்டை, லோரன் கண்ணு, விருந்துக்கு முன்னாடியே நீ தின்னு தீத்துடுவேன்னு!"