சொல்தாவின் வெள்ளைக் கல்வாழை

‘ஒரு பணியில் ஐயம் எழுந்தால், மேலிடத்தின் தெளிவுரை வரும்வரை அப்பணியை நிறுத்திவைக்க வேண்டும்.’ எங்கள் அலுவலக விதிகளில் நான் மிகவும் மதித்தது இதைத்தான். ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஒரு மனிதன் எந்த வேலையும் செய்யாமலே ஓய்வு பெற்றுவிடலாம். அப்படிப் பெற்றவர்களை எனக்குத் தெரியும். இந்த விதியிடம் கடைசிவரை சிக்காதவர் எங்கள் தோட்டக்காரர் சொல்தா ஒருவர்தான். பூவுக்கு உத்தரவு போட்டு, பூ அதற்குக் கீழ்ப்படிந்ததை இந்த உலகத்தில் எங்கள் அலுவலகத்தார் மட்டுமே பார்த்திருக்கிறோம்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களைச் சொல்தா என்பது புதுச்சேரி வழக்கம். தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனாலும் சொல்தா என்றால் அது இவர்தான். சைகோன் வரை போய்வந்த மீசை. தோட்டத்தில் கல்வாழையைத் தவிர வேறெதையும் வைக்க மாட்டார்.

“ரோசா வைக்கலாமே” என்று ஒருமுறை கேட்டேன்.

“ரோசா சிவில் ஆளு, முசே. வெயில் அடிச்சா லீவு கேக்கும்.” ‘ஐயா’ என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு ‘முசே’தான் வரும்.

கல்வாழை ரகங்களுக்கு அவர் பட்டாளப் பதவிகளைப் பெயராக வைத்திருந்தார். ஆளுயரத்துக்கு மேல் செம்பு நிற இலையோடு நிற்பது கப்பித்தேன். மார்பளவு வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் பூப்பது சர்ழான். முழங்கால் உயரக் குட்டைகள் சிப்பாய்கள். உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். வாசலிலிருந்து பார்த்தால் எந்தத் தலையும் எந்தத் தலையையும் மறைக்காது. பூ இல்லாத நாளிலும் இலை விளிம்பைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். “பூ வந்தாத்தான் ஆளத் தெரியும்னா அவன் என்னா ஆபீசரு” என்பார். அவர் ஆபீசர் இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டியதில்லை.

ஒரு ரகத்துக்கு மட்டும் பதவி கிடையாது. அது இளமஞ்சளாக விரிந்து மறுநாளே வெளுத்துவிடும். அதன் பெயர் ஓடிப்போனவன். ‘கலர விட்டுட்டு ஓடுறவனுக்குப் பாத்தியில எடமில்ல’ என்று அதைக் கிழங்கோடு பிடுங்கி, காபிக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கடையோரம் எறிந்திருந்தார். அங்கே அது வஞ்சனையில்லாமல் கொழுத்தது.

1954 இறுதியில் ஆட்சி கைமாறியது; சட்டப்படியான இணைப்பு மட்டும் பாக்கியிருந்தது. அடுத்த வெயில் காலத்தில் சென்னையிலிருந்து வந்த புது டைரக்டர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“ஆகஸ்ட் பதினஞ்சுக்கு இந்தப் பாத்தி மூவர்ணத்துல பூக்கணும். இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு ஜீப் நிறுத்த இடம் பண்ணிடலாம்.”

சொல்தா விறைத்து நின்றார். “காவிக்கு சர்ழான் இருக்கான் சார். பச்சைக்கு மொட்டக் கிள்ளிட்டா எலையே போதும். வெள்ள மட்டும் கல்வாழையில கெடையாது.”

“சக்கரத்துக்கு நீலம்?”

“அத பிரெஞ்சுக்காரன் அவங்கொடிக்குக் கேட்டப்பவே இல்லன்னுட்டேன் சார்.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். ஐயம் எழுந்துவிட்டது. உடனே மேலிடத்துக்கு எழுதினேன்: ‘கல்வாழையில் தூய வெள்ளை இல்லாத நிலையில், வெளுத்த மஞ்சளை வெள்ளையாகக் கொள்ளலாமா?’ பிறகு, விதிப்படி வேலையை நிறுத்தச் சொல்லப் போனேன். சொல்தா சாக்கடையோரம் குந்தி, ஓடிப்போனவனைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

“வாடா, மன்னிச்சிட்டேன்” என்று கிழங்கிடம் சொன்னார்.

“பதில் வரட்டுமே” என்றேன்.

“வரும் முசே. பதினஞ்சாந்தேதி அதுக்கு முன்னாடி வந்துடும்.”

அந்த ஆகஸ்டில் அவர் செய்தது தோட்ட வேலையே அல்ல, படை நடத்தல். பதினான்காம் தேதி விரிந்த மஞ்சளையெல்லாம் வெளுக்க விட்டார். மறுநாள் விடிந்ததும் புதிதாக விரிந்த மஞ்சளைக் கிள்ளி எறிந்தார். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. எனக்கே மார்பு விரிந்தது.

அப்போதுதான் வெள்ளையின் நட்டநடுவே ஒரு சிவப்பு விரிந்திருந்ததைப் பார்த்தேன். சாக்கடையோரக் குவியலில் வேறு கிழங்கு கலந்திருக்கிறது. இலை விளிம்பு நிபுணர் ஏமாந்துவிட்டார். உள்ளே கால் வைத்தால் முன்வரிசைப் பச்சை ஒடியும். டைரக்டரின் ஜீப்போ வாசலுக்கு வந்துவிட்டது.

சொல்தா பழைய பிரெஞ்சுச் சட்டையில், எல்லாப் பதக்கங்களோடும், சிவப்புக்கு நேர் முன்னால் போய் நின்று இந்தியக் கொடிக்கு சல்யூட் வைத்தார். விழா முடியும்வரை கையை இறக்கவில்லை. பிறகு டைரக்டர் பாத்தியைப் பார்க்க இடப்பக்கம் நகர்ந்தார். சொல்தாவும் ஓரடி நகர்ந்தார். டைரக்டர் வலப்பக்கம் போனார், சொல்தாவும் வந்தார்.

“இவர் ஏன் கூடவே நகர்றார்?”

“காவல் மரியாதை சார். பழைய பட்டாள வழக்கம்” என்றேன்.

டைரக்டர் நெகிழ்ந்துவிட்டார். “நல்ல வழக்கம். வருஷா வருஷம் இருக்கட்டும்.” பாத்தி பிழைத்தது. ஜீப் தெருவிலேயே நின்றது.

அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே சிவப்பு. முன்னால் அதே சொல்தா. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே.

“அந்த ஒரு கிழங்கை எடுத்துடலாமே, சொல்தா?”

“எடுத்துட்டா நா எதுக்கு முசே நிக்கிறது?”



ஒரு சுதந்திர தினத்துக்கு மறுநாள் மேலிடத்தின் பதில் வந்தது. இரண்டே வரி. ‘வெளுத்த மஞ்சளை வெள்ளையாகக் கொள்ளலாம்’ என்ற முதல் வரியைச் சொல்தாவிடம் உரக்கப் படித்தேன். “நாந்தான் அப்பவே சொன்னனே” என்று மீசையைத் தடவிக்கொண்டார். ‘பிற நிறக் கலப்பு கூடாது’ என்ற இரண்டாவது வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை அது கோப்பில் சேரவில்லை. ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும், எங்கள் சொல்தாவின் பூ சட்டப்படி வெள்ளையானதும் ஒரே நாள்: 1962 ஆகஸ்ட் 16.