சுருக்கிச் சொல்லும் தம்பி

இனிமேல் மனைவி எழுதுவதில் ஒரு வரியைக்கூடத் தவறவிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை என்றும் முடிவு செய்தேன். இரண்டையும் ஒரே மூச்சில்தான் முடிவு செய்தேன். அதற்கு வழி இருக்கிறது என்று என்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார்.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஊரில் எத்தனையோ பேரை மேலே தூக்கிவிட்டிருக்கிறேன். நான் மட்டும் தரைத்தளத்திலேயே நிற்கிறேன். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. எனக்கு நிம்மதி கிடைப்பது அங்கேதான். கையில் கிரீஸோடு வெளியே வந்தால் போன் சட்டைப்பைக்குள் துடிக்க ஆரம்பித்துவிடும். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கூட்டம் இல்லாத நேரமெல்லாம் எனக்கு எழுதுவாள். குழாய் ஒழுகுவதில் ஆரம்பிக்கும். கீழ்வீட்டுக்காரி பார்த்த பார்வை வழியாகப் போய், கல்யாணத்தன்று அவள் பெரியப்பாவைப் பார்த்து நான் சிரிக்காததில் முடியும். நடுவில் எங்கோ 'வரும்போது பால்' என்று இரண்டு வார்த்தை பதுங்கியிருக்கும். அதைத் தவறவிட்டு நான் பட்ட பாடு நாய்கூடப் படாது.

எலக்ட்ரீஷியன் என் போனில் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டு, எங்கள் சாட் முழுவதையும் படிக்க அதற்கு அனுமதி கொடுத்தார். அவள் எழுதுவதையெல்லாம் அது படித்து, மூன்று வரியில் சுருக்கம் சொல்லும். பதிலையும் அதுவே எழுதி வைக்கும். நான் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

முதல் வாரம் சொர்க்கம். பால் வந்தது. குழாய் ஒழுகுவது நின்றது. மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நானாகக் கேட்டேன். மனைவி என்னைப் புதிதாக வாங்கின ஃப்ரிட்ஜைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கடை முதலாளி அவளைத் திட்டின அன்றுதான் வினை. 'உன் மனநிலையை என்னால் முழுமையாக உணர முடிகிறது' என்று உதவியாளர் பதில் எழுதி வைத்திருந்தது. தட்டிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அதை நான்தான் எழுதினேனா என்று கேட்டாள். வேறு யார் எழுதுவார்கள் என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர்களின் கையெழுத்தையே தடங்கல் இல்லாமல் படிக்கிறவள், என் எழுத்து எது என்று கண்டுபிடிக்க மாட்டாளா? அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. யோசிக்கிற வேலையையும்தான் அதனிடம் கொடுத்துவிட்டேனே.

அடுத்த வாரச் சுருக்கம் இப்படி இருந்தது: 'ஞாயிறு காலைகளில் உங்கள் மைத்துனர் உங்கள் வீட்டு ஹாலில் சிரிப்புப் பயிற்சி வகுப்பு நடத்த நீங்கள் சம்மதித்துள்ளீர்கள். முதல் மாணவராகவும் சேர்ந்துள்ளீர்கள்.'

எப்போது சம்மதித்தேன்? அவளிடம் கேட்கலாம். கேட்டால், 'படிக்கலையா?' என்பாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான் தூங்குவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். விடியும்போதே ஹாலில் இருந்த சோபா என் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஹாலில் தெருவே வட்டமாக நின்று ஹா ஹா என்றது. "வயித்துலேருந்து சிரிங்க மாமா," என்றான் மைத்துனன். வயிற்றில் எரிச்சல்தான் இருந்தது. இருந்ததை வைத்துச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகைத் தடவிவிட்டார்.

சில ஞாயிறுகள் போயின. தாடை வீங்கியது. ஒருநாள் வேலை நடுவே, லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து, அவள் சாட்டில் எழுதியதை, உதவியாளர் வந்த பிறகு முதல்முறையாக நானே படித்தேன்.

'சுருக்கம் எழுதுற தம்பிக்கு. நல்லா இருக்கியா? அவர் உன்னைத்தான் படிக்க விட்டிருக்கார்னு தெரியும். ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு அவர் ஒத்துக்கிட்டார்னு சொல்லிடு. முதல் மாணவர்னும் சொல்லு.'

கீழே என் பதில்: 'நிச்சயமாக, அப்படியே தெரிவிக்கிறேன்.' அனுப்பியது என் விரல்.

ஒரு மச்சானையே தாங்க முடியாதவன், இன்னொரு மச்சானைப் போனுக்குள் குடிவைத்திருக்கிறேன். சுருக்கம் கேட்டேன், சுருக்குக் கயிறு கிடைத்தது.

அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. 'தம்பி, இதை மட்டும் அவர்கிட்ட சொல்லாதே. என்னங்க, இதை நீங்களே படிச்சா, வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுதுங்க. அவனை வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடறேன். சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன்.'

அதற்கும் நான் பதில் அனுப்பியிருந்தேன். 'அருமையான யோசனை. மிக்க மகிழ்ச்சி.'

வீட்டுக்குப் போய் போனை அவள் முன்னால் வைத்தேன்.

"இதெல்லாம் நீ மெஷினுக்கு எழுதினது."

"ஆமாங்க."

"எனக்கு எழுதலையே."

"கடைசியில எழுதியிருந்தேனே. படிச்சீங்களா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த மெஷினை இப்போதே எடுத்துவிடுகிறேன், நாளையிலிருந்து எல்லாவற்றையும் நானே படிக்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். விரலையும் அழிக்கிற பொத்தான்மேல் வைத்துவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதை எடுக்காதீங்க. அப்புறம் நான் பேசறதைக் கேட்க இந்த வீட்டுல யார் இருக்கா?"