நிச்சயதார்த்தத்தன்று நின்ற கார்

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் ஆண்பிள்ளை செய்யும் முதல் காரியம், இறங்கிப் போய் பானட்டைத் திறப்பது. திறந்து என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் திறப்பான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ம்ம்..." என்று ஒரு சத்தம் விடுவான். நானும் அந்த ரகம்தான். அந்த ரகமாக இருந்ததில் என் கல்யாணமே கைவிட்டுப் போகப் பார்த்தது.

இலஞ்சியில் எனக்கும் கோமதிக்கும் நிச்சயதார்த்தம். ஆனி மாதக் கடைசிப் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிதான். அதற்குள் எங்கள் பெரியப்பா சகுனம் சரியில்லை என்று சம்பந்தத்தையே கலைத்துவிடுவார். (அவர் ஏற்கெனவே இரண்டு இடத்தைக் கலைத்த அனுபவசாலி.)

காலையில் நாங்கள் தென்காசியிலிருந்து ஒரு வேனிலும் அப்பாவின் பழைய காரிலுமாகப் போய் இறங்கியபோது, கோமதியின் அப்பா வாசலில் துண்டும் கையுமாக நின்றார்.

"மாப்ள, புதன்கிழமையும் அதுவுமா ஆம்பிளைங்க எண்ணெய் தேய்க்காம இருக்கலாமா? அருவியில தண்ணி வேற நல்லா விழுது. ஒரு தேய்ப்பு, ஒரு குளிப்பு. பத்தரைக்கெல்லாம் திரும்பிரலாம்."

"இன்னைக்குமா? உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் அத்தை, அதாவது வரப்போகும் மாமியார். மாமா காதில் வாங்கவே இல்லை. சீசன் முடியும்வரை அவருக்கு அருவிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமனார் கூப்பிட்டு மாட்டேன் என்பதா? பட்டு வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய வேட்டியும் துண்டுமாகக் காரை எடுத்தேன். அந்தக் கார் எனக்கு அண்ணன் முறை; எனக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்தது.

"வண்டி வேலையெல்லாம் தெரியுமா மாப்ள?"

"அக்கு அக்காக் கழட்டி மாட்டுவேன் மாமா." (அதுவரை நான் கழற்றி மாட்டியது சட்டையை மட்டும்தான்.)

மெயினருவிப் பக்கம், எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து உச்சி முதல் உள்ளங்கால்வரை பிசைந்து எடுத்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து போனால் அருவியில் வெள்ளம். குளிக்க விடவில்லை.

"ஐந்தருவியில விடுதாங்களாம், வாங்க" என்று மாமா அப்படியே காரில் ஏறிவிட்டார். நானும் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேரும் சீட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கினோம். பாதி வழியில் சாரல் குறுக்கே அடித்தது. கார் இருமியது. மறுபடியும் இருமியது. நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்தேன். "ம்ம்..." என்றேன். மாமாவும் பக்கத்தில் வந்து நின்று, என்னைவிடக் கனமாக ஒரு "ம்ம்" போட்டார். ஒரு காலத்தில் இதே மாதிரிக் காரை வருஷக்கணக்கில் ஓட்டியவராம்.

"பிளக்குக்குக் கரண்டு அனுப்புத டிஸ்ட்ரிபியூட்டர்ல ஈரம் இறங்கிருக்கு மாப்ள. மூடியக் கழட்டித் தொடச்சாத் தீந்தது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் மூடியைக் கழற்றி என் துண்டால் துடைத்தேன். கார் கிளம்பவில்லை. "நீங்க தொடச்சது பத்தலை" என்று மாமா உள்ளே கரண்டு தொட்டு விலகும் பாயிண்ட்டைத் தன் கட்டைவிரலால் பாசத்தோடு துடைத்தார். அப்போதும் கிளம்பவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தோம். ஒயர்களைத் துடைத்தோம். முதலில் செல்ஃப் அடித்தால் இருமலாவது வந்தது. நாங்கள் வைத்தியம் பார்த்த பிறகு அதுவும் நின்றுபோனது.

சரி, தள்ளிக் கிளப்பலாம் என்று மாமாவை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினேன். கார் இருந்த இடத்திலேயே இருந்தது. என் கைகள் மட்டும் டிக்கி மேல் வழுக்கிக்கொண்டு போயின. கன்னம் போய் இடித்தது. அருவிக்குப் போன வேன் ஒன்று நின்றது. உதவிக்கு வருகிறார்கள் என்று நம்பினேன். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டோவை நிறுத்தினால், டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எண்ணெயோட ஏறாதிய அண்ணாச்சி, சீட்டு நாசமாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. எண்ணெய் விரலால் எத்தனை தேய்த்தாலும் எடுக்க மாட்டேன் என்றது. கடைசியில் மூக்கால் தேய்த்து எடுத்தேன்.

"எங்கன நிக்கிய ரெண்டு பேரும்?" என்றார் அத்தை.

மாமா, சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உண்மையிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோமதியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"வண்டி நின்னுட்டா?" கோமதியின் குரல்.

"ஆமா. ஐந்தருவி ரோட்டுல."

"அங்கனயே நில்லுங்க. எங்கயும் போயிராதிய." (நாங்கள் எங்கே போக!)

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் எங்கள் வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் தாம்பூலத் தட்டு இறங்கியது, பழத்தட்டு இறங்கியது, பட்டுப்புடவைகள் இறங்கின. பெரியப்பா இறங்கி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பேச நேரமில்ல. பானட்ட மூடுங்கலே!" என்று கத்தினார். அந்த ஒரு நாள் அவர் எனக்குக் குலதெய்வமாகத் தெரிந்தார்.

மூடிய பானட் மேல் தட்டுகளை வைத்து, குடைக்கடியில் மாற்றிக்கொண்டார்கள். மாமா வாங்கிய தட்டு கையிலிருந்து வழுக்கியது. தேங்காயை அப்பா பாய்ந்து பிடித்தார். கோமதி என் விரலில் மோதிரத்தைப் போட்டாள். போட்ட வேகத்தில் அது கழன்று வந்தது.

அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் முழங்கை வழியாக வடிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கையாலயா வண்டியத் தொடச்சிய?"

மாமா தன் கைகளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கோமதி தட்டிலிருந்து மாப்பிள்ளை வேட்டியை எடுத்தாள். அங்கே காய்ந்த துணி அது ஒன்றுதான். பானட்டைத் திறந்து, நாங்கள் துடைத்ததையெல்லாம் மறுபடியும் துடைத்தாள். அப்பா செல்ஃப் அடித்ததும் கார் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு கிளம்பியது. அத்தை சந்தோஷம் தாங்காமல் குலவை விட்டார். நான் அழுதேவிட்டேன், சாரலில் யாருக்கும் தெரியவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நிச்சயதார்த்தப் போட்டோ எங்கள் ஹாலில் தொங்குகிறது: பட்டு உடுத்திய கூட்டத்தின் நடுவே, வேட்டியும் துண்டுமாக இரண்டு பேர் வெண்கலச் சிலை மாதிரி மின்னிக்கொண்டு நிற்கிறோம். வீட்டில் மிக்ஸி நின்றாலும் குழாய் ஒழுகினாலும், நான் எழுந்தால் போதும், கோமதி என் கையில் சோப்பைக் கொடுத்துவிடுகிறாள். மாமாவுக்கும் அதே சட்டம்தான். போன மாதம் இலஞ்சி வீட்டில் தண்ணி மோட்டார் ஓடவில்லை. "நாங்க பாக்குதோம்" என்று நாங்கள் இருவரும் எழுந்தோம். அத்தை சோப்பைக் கொடுத்து எங்களைக் கிணற்றடிக்கு அனுப்பினார். நகக்கண்வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு நாங்கள் திரும்புவதற்குள், மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.